ஊசிக்குருவியின் காவலர்

"இந்தக் காட்டுல என் காதுக்குத் தெரியாம ஒரு எறும்பு கூட ஏப்பம் விட முடியாது, தெரிஞ்சுக்கோ!"

இப்படி முழங்கியவர் தவசி அல்ல, வேட்டைக்காரரும் அல்ல. டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். முழங்கிய நேரத்தில் அவருடைய இடது கையில் ஒரு மனிதனின் சட்டைக் காலர் இருந்தது. வலது கையில் அதே மனிதனின் பாட்டுப் பெட்டி இருந்தது. முழக்கம் முடிந்ததும் பாட்டுப் பெட்டி ஆற்றுக்குள் போனது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் சொந்தக்காரரையும் பின்னாலேயே அனுப்பிவைத்தார். ஜோடியைப் பிரிப்பது பாவம் என்பது அவருடைய கொள்கை.

காட்டின் அமைதிக்காக இந்த அளவுக்குக் கை வலிக்க உழைத்த மனிதர் வேறு யாரும் இல்லை என்பதால் அவருடைய வாழ்க்கையை எழுதிவைப்பது அவசியமாகிறது.

ஊரில் அவருக்குப் பெயர் சம்மட்டி. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பேட்டரிக் கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அவருடைய பட்டறை. நசுங்கிய கதவு, மடங்கிய மட்கார்டு, மூக்கு உடைந்த பானெட் எல்லாம் அங்கே வந்து விழும். பின்பக்கம் ஓர் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்து, முன்பக்கம் சுத்தியலால் சாத்துவார். அடித்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பள்ளம் இன்னும் மிச்சமிருந்தால் மறுபடி அடி. அடித்தால் நிமிரும் என்பதுதான் அவர் படித்த ஒரே பாடம். அதைத் தகரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரப் போன ஒருவர் உண்டு. பேட்டரிக் கடைக்காரர். இன்று வரை அவர் வலது தோளைத் தூக்கிச் சட்டை போட முடியாமல் இருக்கிறார்.

நாள் முழுக்க ஊரையே செவிடாக்கும் இந்த மனிதருக்கு, அடுத்தவர் போடும் சத்தம் மட்டும் ஆகாது. வீட்டு அழைப்பு மணி ஒருநாள் விடாமல் அடித்தது என்று அதைச் சுத்தியலால் சமாதானப்படுத்தினார். வெளியே நின்று அடித்தவர் அவருடைய மாமனார். மணி இருந்த இடத்தில் ஓர் ஓட்டையும், மாமனார் முகத்தில் ஒரு கேள்வியும் பல காலம் இருந்தன.

இப்படிப்பட்டவர் காட்டுக்கு எப்படிப் போனார்? மனைவியால்தான்.

அந்த அம்மாளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது. தண்ணீர் வரவில்லை என்றால் அவரைத் திட்டுவார்கள். கலங்கலாக வந்தால் அவருடைய குடும்பத்தைத் திட்டுவார்கள். நன்றாக வந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு காதும் சிவந்து, அறை வாங்கிய கன்னம் மாதிரி இருக்கும். ஒருநாள் அலுவலகத்தில் யாரோ சொல்லக் கேட்டு வந்தார். ஜீப் மட்டுமே போகும் பாதையின் முடிவில், ஆற்றோரமாக ஒரு கூடார முகாம் இருக்கிறதாம். செல்போன் எடுக்காதாம். விடிகிற நேரத்தில் எல்லாரும் வெட்டவெளியில் கட்டைகளின் மேல் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவார்களாம். அப்போது ஒரு குருவி பாடுமாம்.

"அவ்வளவுதானா?" என்றார் சம்மட்டி.

"அவ்வளவுதான்."

"அதுக்கு ஜீப்பு, கூடாரம், கம்பளி?"

"யாருமே என்னைத் திட்டாத இடம் ஒண்ணு இருக்குன்னா, நான் நடந்து கூடப் போவேங்க."

போனார்கள். முதல் நாள் விடியலில்தான் அந்த விபத்து நடந்தது.

கட்டைகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு தன் போக்கில் சளசளத்தது. அது சம்மட்டிக்குக் கேட்டது. தூரத்தில் ஏதோ குரங்கு உறுமியது, அதுவும் கேட்டது. திடீரென்று சுற்றியிருந்த எல்லா முகங்களும் மாறின. கண்கள் மூடின. தலைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. வாய்கள் ஓர் அரிசி நுழையும் அளவுக்குத் திறந்தன. சம்மட்டி காத்திருந்தார். இவ்வளவு பேர் மயங்குகிறார்களே, பாட்டு இனிமேல்தான் வரும்போல என்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கண்ணைத் திறந்து, துடைத்து, பெருமூச்சு விட்டார்கள்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா?"

அந்தக் குருவியின் குரல் அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு கூர்மை. அதனால் அதற்கு முகாமில் ஊசிக்குருவி என்று பெயர். காலமெல்லாம் தகரத்தை வெளுத்தவரின் காதுக்குள் இடி நுழையும், லாரி நுழையும், ஊசி மட்டும் நுழையாது. இதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எந்த வண்டியிடமும் தோற்காத மனிதர், ஒரு குருவியிடம் தோற்பதா?

"என்ன குரல்டா அது!" என்றார் சம்மட்டி. "அப்படியே உள்ள இறங்கிடுச்சு."

புலிவாலைப் பிடித்தாயிற்று. இனி விட முடியாது. அடுத்தடுத்த வருடங்களில் அவர் ஒரு தனிக் கலையை வளர்த்துக்கொண்டார். குருவியைக் கேட்பது அல்ல, முகங்களைப் பார்ப்பது. கண் மூடி, தலை சாய்ந்து, வாய் அரிசியளவு திறந்தால் குருவி பாடுகிறது. கண் திறந்து, யாராவது முதுகைச் சொறிந்தால் பாட்டு முடிந்தது. கதவின் பள்ளத்தைக் கையால் தடவிக் கண்டுபிடிப்பவருக்கு முகத்தின் மேடு பள்ளம் பெரிய காரியமா? ஒருமுறை கூடத் தவறவில்லை.

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவனுக்கு ஆர்ப்பாட்டம் கொஞ்சம் கூடவே வேண்டும். குறைகுடம் அல்லவா. பாட்டைக் கேட்பவர்கள் சும்மா கேட்டார்கள். கேளாத சம்மட்டி, பாட்டுக்குக் காவலரானார். பாட்டுப் பெட்டிக்காரர் ஆற்றில் விழுந்தது முதல் வருடச் சாதனை. பிறகு, விடியலில் வறுவல் பாக்கெட்டைப் பிரித்த ஒருவருக்கு அந்தப் பாக்கெட்டையே ஊட்டினார்; உள்ளே இருந்ததை அல்ல, பாக்கெட்டை. பாக்கெட் சரசரத்ததும் அவருக்குக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் பார்த்துத்தான் அடித்தார். தும்மிய ஒரு கிழவரை மட்டும் வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார். கிழவருடைய மருமகனை அடித்தார்.

முகாமை நடத்துவது ஒரு கனத்த அம்மாள். எல்லாருக்கும் அக்கா. காட்டுப்பன்றி கூடாரத்துக்குள் வந்தால் வாளியால் அடித்து வெளியேற்றுபவர். போன வருடம், பாக்கெட் தின்றவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, அக்கா சம்மட்டியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"யோவ், இங்க வர்றவங்க குருவியைக் கேக்க வர்றாங்க, உம்ம கையால வாங்க இல்ல. இன்னொரு தடவை கை நீண்டுச்சு, உங்க ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் வாசல் அடைப்பு."

"ரெண்டு பேருக்குமா? அவ என்ன பண்ணா?"

"உம்மைக் கட்டிக்கிட்டா இல்ல? அது போதும்."

திரும்பி வரும்போது, ஜீப் தார்ச்சாலையில் ஏறியதும் மனைவி வாயைத் திறந்தார்.

"நீங்க பட்டறையில அடிக்கிறீங்க. நான் ஆபீஸ்ல அடி வாங்குறேன், காது வழியா. வருஷம் பூரா வாங்குறேன். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தக் குருவி ஒண்ணுதான். அதையும் நீங்க நசுக்கிட்டீங்கன்னா, அப்புறம் என்னை எந்தச் சுத்தியலாலயும் நிமித்த முடியாது. பாத்துக்கங்க."

சம்மட்டி பயந்துபோனார். மனைவி கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டார். அமைதியாகச் சொன்னதுதான் பயம். பட்டறையில் தன் பெரிய சுத்தியலின் மேல் கை வைத்து, இனி காட்டில் யார் மேலும் கை வைப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அந்த வருடம் முழுக்கக் கோபத்தைத் தகரத்தில் தீர்த்தார். வண்டிக்காரர்கள் தங்கள் கதவு கொடுத்ததை விட மெல்லிசாகத் திரும்பி வருவதாகப் புகார் சொன்னார்கள்.

இந்த வருடம் முகாமுக்குப் புதிதாக ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். டாக்டர் ஒல்லி. நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தொழிலால் வந்த ஒரு பழக்கம் இருந்தது. எதிரே யாராவது வாயைத் திறந்து வைத்திருந்தால், அவரால் பேசாமல் இருக்க முடியாது. பதில் வராது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களோடு பேசிப் பேசி வளர்ந்த நாக்கு அது.

டாக்டரின் மனைவி கூடாரம் போட்ட இடத்தில் தரைக்கு அடியில் ஒரு மரவேர் ஓடியது. அவர் தலை அதன் மேல் இருந்தது. எழுந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. தலை இடது பக்கம் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றது. வலியில் கண்ணை இறுக மூடி, வாயை அரிசியளவு திறந்து, அப்படியே வந்து கட்டையில் உட்கார்ந்தார்.

இனி நடந்தது உங்களுக்கே புரியும்.

அன்றைக்குப் பனி கொட்டியிருந்தது. சம்மட்டிக்குத் தன் மனைவி கூடச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டை மட்டுமே தெரிந்தது. அதில் ஒரு முகம். கண் மூடி, தலை சாய்ந்து, வாய் திறந்து. இவ்வளவு ஆழமாக ஊசிக்குருவியில் மூழ்கிய முகத்தை அவர் எந்த வருடமும் பார்த்ததில்லை. அன்றைக்குக் குருவி வெளுத்துவாங்குகிறது என்று முடிவு செய்து, தானும் கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, ரசிக்கத் தொடங்கினார்.

அந்த முகத்தின் பக்கத்திலிருந்து ஓர் ஆணின் கட்டைக் குரல் முணுமுணுத்தது.

"மெதுவா மூச்சு விடு. ஆ... அப்படித்தான். பயப்படாதே. கொஞ்சமா இந்தப் பக்கம் திருப்பு..."

சம்மட்டி சத்தியத்தை நினைத்துக்கொண்டார். சுத்தியலை நினைத்துக்கொண்டார். மனைவியை நினைத்துக்கொண்டார். வலது கையை இடது கையால் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"ஆ... இன்னும் கொஞ்சம் வாயைத் திற..."

இந்த இடத்தில் கை அவரை விட்டுப் பிரிந்து தனியாகச் செயல்பட்டது என்பது அவருடைய பிற்கால வாக்குமூலம். கை தொடைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பி, பனியைக் கிழித்து, டாக்டரின் வாயில் போய் இறங்கியது. ஈரக் கட்டையைக் கோடாலியால் பிளந்த மாதிரி ஒரு சத்தம். டாக்டர் கட்டைக்குப் பின்னால் கால் மேலாக விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது மோவாயெல்லாம் ரத்தம். உள்ளங்கையில் ஒரு பல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரார் பல்லைப் பிடுங்கியே பிழைத்தவர், வேரோடு வந்திருக்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது.

"கொலைகாரப் பாவி!" என்று அலறினார் டாக்டரின் மனைவி, தலையைச் சாய்த்தபடியே.

பனிக்குள்ளிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். அக்கா முன்னால் வந்தார்.

"என்னய்யா பண்ணே?"

"குருவி பாடும்போது பேசினான்!"

"எப்பப் பாடுச்சு?"

"இப்பத்தான்! இந்தா, இப்பத்தான்!"

"இன்னைக்கு இன்னும் அது வாயே திறக்கலையேய்யா!"

"பாடலையே சார்," என்றார் ஒரு நூலகர். வருடா வருடம் வருபவர். வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாதவர்.

சம்மட்டி சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் நேராக நின்றன. எல்லாக் கண்களும் அகலத் திறந்திருந்தன. அப்படியும் வாய் பின்வாங்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் இருக்கிறது காதா, இல்ல டம்ளருக்கு வச்ச பிடியா? பாடுச்சு! நான் கேட்டேன்! என் காதுக்குத் தெரியாம இந்தக் காட்டுல ஒரு எறும்பு..."

"எங்களுக்கும் காது இருக்கு சார்," என்றார் நூலகர்.

நூலகர் அன்று பேசியதில் அதுதான் கடைசி முழு வாக்கியம். சம்மட்டி அவரை மார்பில் கை வைத்துத் தள்ளினார். அவர், பின்னால் நின்றிருந்த, விடுமுறையில் முகாமுக்கு வந்த ஒரு பஸ் ஓட்டுநர் மேல் விழுந்தார். பஸ் ஓட்டுநர் கையிலிருந்த கொதிக்கும் தேநீர் பஸ் ஓட்டுநர் மேலேயே விழுந்தது. அவர் தரையில் கிடந்த ஒரு விறகை எடுத்தார். அப்புறம் யார் எதை எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. வருடம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அலுவலகத்திலும் சாலையிலும் வீட்டிலும் பொறுத்துப்போய், அமைதி தேடி வந்த நல்லவர்கள் அவர்கள். அவ்வளவு அமைதியும் ஒரே நேரத்தில் வெடித்தது.

ஒருவர் கூடாரக் கம்பைப் பிடுங்கினார். கூடாரம் உள்ளே தூங்கியவரோடு சரிந்தது. விறகு சம்மட்டியின் தோளில் விழுந்தது. அவர் விறகைப் பிடுங்கி அதே விறகால் பஸ் ஓட்டுநரின் முழங்காலைத் தட்டினார், ஓட்டுநர் உட்கார்ந்தார். நூலகர், எழுந்த வேகத்தில், சம்மட்டியின் முழங்கையைக் கடித்துத் தொங்கினார். அவரை உதறியதில் சட்டைத் துணியோடு கொஞ்சம் தோலும் போனது. டாக்டர் கூட, பல்லைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, சம்மட்டியின் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தார். சம்மட்டி அவரை முன்பக்கமாக வளைத்துப்போட்டு, காலரைப் பிடித்து, மிச்சமிருந்த முகத்தில் இன்னும் இரண்டு சாத்தினார். ஒரு கண் அப்போதே வீங்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில் டாக்டரின் மனைவி இரண்டு கையாலும் இரும்புச் சட்டியைத் தூக்கிச் சுழற்றிச் சம்மட்டியின் மண்டையில் இறக்கினார்.

டங்!

சம்மட்டிக்கு ஒரு கணம் காடே மஞ்சளானது. ஆனாலும் தொழில்காரர் அல்லவா? 'நல்ல கனமான தகடு' என்றுதான் முதலில் தோன்றியது. சட்டியை வீசிய வேகத்தில் அந்த அம்மாளின் கழுத்தில் ஏதோ மளுக்கென்றது. பிடிப்பு விட்டு, தலை நேராக நின்றது. எந்த வைத்தியத்துக்கும் பக்கவிளைவு உண்டு. இதற்குப் பக்கவிளைவு சம்மட்டியின் நெற்றியில் வழிந்தது.

"நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!" என்று கத்தியபடி அக்கா வாளியால் எல்லாரையும் பாரபட்சமில்லாமல் அடித்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் ஊசிக்குருவி பாடத் தொடங்கியது.

முதலில் நின்றது அக்காவின் வாளி. அடுத்து பஸ் ஓட்டுநர், தரையில் கிடந்தபடியே, யாருடைய காலையோ பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். டாக்டரின் மனைவி இரண்டாவது அடிக்கு ஓங்கிய சட்டியைத் தலைக்கு மேல் அப்படியே வைத்திருந்தார். நூலகரின் வாயில் இன்னும் சட்டைத் துணி இருந்தது. அதை மெல்லுவதை நிறுத்தினார். ரத்தமும் சேறும் பூசிய முகங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கண்கள் மூடின. வாய்கள் திறந்தன. சரிந்த கூடாரத்துக்கு அடியில் நெளிந்துகொண்டிருந்த மனிதர் கூட நெளிவதை விட்டார்.

காட்டில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது.

"பாடுச்சுன்னா பாடுச்சுதான்!" என்று சம்மட்டி, டாக்டரின் காலரை உலுக்கியபடி, நெஞ்சு வெடிக்கக் கத்திக்கொண்டிருந்தார். "அப்பப் பாடுச்சு! இப்பப் பாடுதா? இல்ல! இப்ப இல்ல, அப்ப! வித்தியாசம் தெரியாத முண்டங்களா! என் காதைப் பத்தி எவன் பேசுறது? வாங்கடா, எவன் வர்றீங்க?"

யாரும் வரவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அவர் தலைக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடும் கிளையில், கட்டைவிரல் அளவு குருவி ஒன்று தொண்டை துடிக்க, வால் துடிக்க, வாயை விரித்து உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தது. சம்மட்டி அதைப் பார்க்கவில்லை. அவர் வழக்கம்போல முகங்களைப் பார்த்தார். ஒரு முகம், இன்னொரு முகம், அதற்கடுத்த முகம். எல்லாம் சாய்ந்த முகங்கள். அவருடைய குரல் நடுவழியில் தேய்ந்து நின்றது.

ஒரு முகம் மட்டும் சாயவில்லை. மனைவி கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் பாட்டு மேலே போய்க்கொண்டிருக்க, அந்த அம்மாள் அதைக் கேட்கவில்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி பாடி முடித்துப் பறந்தது. சட்டி இறங்கியது. அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சம்மட்டியின் செவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தீர்ப்பு அங்கேயே நடந்தது.

"கட்டையில உக்காந்ததுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம்," என்றார் அக்கா. "டாக்டரு பேசுனது தப்பு."

"எங்க வீட்டம்மாவுக்குக் கழுத்து..." என்றார் டாக்டர். பல் போன இடத்தில் வார்த்தைகள் காற்றாக வந்தன.

"கழுத்து சரியாப் போச்சு இல்ல? பேசாதீங்க. நாளைக்கு விடியக்காலைல நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் வெளி வாசல் கட்டையில. பக்கத்துப் பக்கத்துல. பொம்பளைங்க உள்ள." சம்மட்டியின் பக்கம் திரும்பினார். "உமக்கு ஏற்கெனவே சொன்னதுதான். உம்ம வீட்டம்மா முகத்துக்காகக் கடைசியா ஒரு நாள். நாளைக்குக் குருவி பாடும்போது வாசல் பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு, கை இல்ல, சத்தம் வந்தாலே, ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் முடிஞ்சுது."

பகலில் கூடாரத்தில் மனைவி அவர் நெற்றிக்குத் துணி கட்டினார்.

"எனக்குத் தெரியுங்க," என்றார்.

"என்ன தெரியும்?"

"நம்ம வீட்டுல விசில் கெட்டில் அடிப்பிடிச்ச அன்னைக்கே தெரியும். பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அது விசிலடிச்சு அடிச்சு ஓஞ்சே போச்சு."

"அது கெட்டில் கோளாறு."

"சரி," என்றார் மனைவி. முடிச்சைக் கொஞ்சம் இறுக்கியே போட்டார். "நாளைக்கு நான் கேக்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் விடியலில் பனி இல்லை. வெளி வாசலில் ஒரு பழைய கட்டை. அதன் ஒரு முனையில் சம்மட்டி, மறு முனையில் டாக்டர். உள்ளே வெட்டவெளி மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மனைவியின் முகமும் தெரியாது, வேறு எந்த முகமும் தெரியாது. படிப்பதற்கு இருந்தது டாக்டரின் முகம் ஒன்றுதான்.

சம்மட்டி திரும்பிப் பார்த்தார். டாக்டரின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன, மயிரிழை இடுக்கு மட்டும் விட்டு. தாடை ஒரு பக்கம் புடைத்து, அந்தக் கனத்துக்குத் தலை சாய்ந்திருந்தது. உதடு தடித்து, மூட முடியாமல், வாய் அரிசியளவுக்கு மேலேயே திறந்திருந்தது. ஆக, டாக்டரின் முகத்தில் ஊசிக்குருவி நிரந்தரமாகப் பாடிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே அடித்துச் செய்த முகம். நல்ல வேலைப்பாடு. எதுவும் படிக்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சம்மட்டிக்கு இருமல் வந்தது.

காலமெல்லாம் பட்டறையில் விழுங்கிய தூசி. காலைக் குளிரில் அது நெஞ்சிலிருந்து கிளம்பும். கிளம்பினால் டீசல் வண்டி கிளம்பிய மாதிரி இருக்கும். அவர் அதை விழுங்கினார். அது மறுபடி ஏறியது. இப்போது குருவி பாடவில்லை என்றால் இருமித் தொலைக்கலாம். பாடுகிறது என்றால், இந்த ஓர் இருமலோடு மனைவிக்கு அந்தக் குருவி முடிந்தது. பாடுகிறதா? ஆற்றுச் சத்தம் கேட்டது. தன் நெஞ்சுக்குள் கரகரப்பது கேட்டது. கண்ணில் நீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். டாக்டரின் முகத்தை இன்னொருமுறை படித்துப் பார்த்தார். அது அதே பாட்டைத்தான் பாடியது.

சம்மட்டி மெல்ல நகர்ந்து டாக்டரின் பக்கத்தில் வந்தார். டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடி விழவில்லை. டாக்டர் விரலிடுக்கில் பார்த்தார். நேற்றுத் தன் பல்லைப் பிடுங்கிய அந்தக் கையின் ஒற்றை விரல், சம்மட்டியின் காதைத் தொட்டுக் காட்டியது. பிறகு உள்ளங்கை விரிந்து, இப்படியும் அப்படியும் ஆடியது: இல்லை. பிறகு விரல் மரங்களின் பக்கம் நீண்டது. நீர் நிறைந்த இரண்டு கண்களும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தன.

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். அப்புறம், நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து தவிக்கும் நோயாளிகளிடம் காட்டுவாரே, அதே மாதிரி தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். பொறுங்க. கொஞ்சம் பொறுங்க.

சம்மட்டி பொறுத்தார். முகம் கறுத்தது, உடம்பு குலுங்கியது, ஒரு கை வாயில், இன்னொரு கை டாக்டரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. டாக்டருக்கு வலித்திருக்கும். சத்தம் போடவில்லை. அவருடைய உள்ளங்கை அந்தரத்திலேயே நின்றது, நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது.

"இப்பத் துப்பலாம் சார்," என்றார் காற்றுக் குரலில்.

சம்மட்டி இருமினார்.